தாள்

நாற்காலியின் தாள் நான்கும் ஓக் மரம்.
உட்காரும் இடம் வெறும் தாள்.
முறுக்கிய தாள், மூன்று புரி,
ஓர் இருக்கைக்கு நூற்றிருபது மீட்டர்.
நியூபோர் பட்டறையில் சன்னலடி என் இடம்.
நாற்காலி நெய்பவளுக்கு முக்காலி.
பெயர் யூத்தா ராவ்ன்.
பகலுக்கு ஒன்றரை இருக்கை.

சாய்மானம் வால்தெமாருடையது.
ஆவிப்பெட்டியிலிருந்து கட்டையை எடுத்து
அது மனசு மாறுவதற்குள் வளைக்கவேண்டும்.
கை எங்கே முடிகிறது, முதுகு எங்கே தொடங்குகிறது என்று
தன் விரலுக்கே பிடிபடாமல் போகும்வரை
அரத்தைக் கீழே வைக்கமாட்டான்.

வரைந்தவர் எஸ்கில் ரொன்னோ.
கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி வருவார்,
ஒரு மில்லிமீட்டரைக் குறைக்க.
மூன்று தரம் வந்து குறைத்ததை
நாலாம் தரம் வந்து திருப்பித் தந்தார்.
நல்ல மனிதர். என்னை மட்டும்
யூலி என்றே கூப்பிடுவார்.

கண்காட்சியில் ஓர் அட்டை வைத்தார்கள்.
அவர் பெயர், முதலாளி பெயர், மரத்தின் பெயர்.
மரத்துக்குக்கூட இருந்தது.

நான்கு மூலையிலிருந்து நடுவுக்கு நெய்து வந்தால்
இருக்கை, தபால் உறையின் முதுகுபோல் மூடிக்கொள்ளும்.
மேலடுக்கு, கீழடுக்கு,
இடையே ஒரு கை நுழையும் இருட்டு.
அதை அட்டைத்துண்டால் அடைப்போம்.
ஐம்பத்தொன்றின் குளிர்காலம் முழுக்க
அட்டையோடு ஒரு சீட்டும் வைத்தேன்.
உறை என்று இருந்தால்
உள்ளே ஏதாவது இருக்கவேண்டாமா?

அடுத்த வருஷம், சிகாகோ போன நாற்காலி ஒன்று
திரும்பி வந்தது, தட்டச்சுக் கடிதத்துடன்:
'உட்காரும்போதெல்லாம் பக்கத்து அறையில்
யாரோ செய்தித்தாள் புரட்டுகிறார்கள்.'

ரொன்னோ மண்டியிட்டுக் காதை வைத்தார்.
வால்தெமார் மூட்டு மூட்டாகத் தட்டிவிட்டு
மரம் வாய் திறக்கவில்லை என்று சத்தியம் செய்தான்.
முதலாளி கனத்த உடம்பு, உட்கார்ந்தார்.
சர்ரக்.
எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, மறுபடி.
சர்ரக்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
கயிறு காய்ந்திருக்கும், பிரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

அவர்கள் சாப்பிடப் போனதும் கத்தியை எடுத்தேன்.
எந்த நாளின் சீட்டு இது?
கூலியைக் கூட்டிக் கழித்த நாளா?
அந்த யூலியைத் திட்டிய நாளா?
வால்தெமாரின் பின்கழுத்தில் மரத்தூள் படிவதைப் பற்றி
ஒரு வாரம் எழுதினேன்,
அதில் ஒன்றாக இருந்துவிட்டால்?

'செவ்வாய். மழை. கப்பல் தாமதம்.
பட்டாணி சூப்பில் உப்பில்லை.
இடது காலணி ஒழுகுகிறது.'

அட்லாண்டிக்கை இரண்டு தரம் கடந்திருக்கிறது
என் ஓட்டைக் காலணி.
முகம் தெரியாத ஒருவர்
அதன்மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து
காது கொடுத்திருக்கிறார்.
என் பேச்சை அத்தனை பொறுமையாகக் கேட்டவர்
ஃபூன் தீவில் ஒருவருமில்லை.

புதுக் கயிற்றை ஈரத்துணியால் நீவி
முன்சட்டத்தில் முதல் ஆணியை அடித்தேன்.
மூன்று மணிக்கு வால்தெமார் வந்து நின்றான்.
மேஜைமேல் கடிதம் இல்லாததைப் பார்த்தான்.
என் மடியைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல் ஆணி டப்பாவை
கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டுப் போனான்.
கழுத்தில் தூள்.

சிகாகோ கடிதத்தின் பின்பக்கம் பென்சிலால்
யூத்தா என்று எழுதினேன். யூலி அல்ல.
நாலாய் மடித்து
சத்தம் போடாதபடி தண்ணீர் தெளித்து
இருட்டுக்குள் தள்ளி
கடைசி இழையை இழுத்து இறுக்கித்
தாளிட்டேன்.